'டுமீல்' என்று சுட்டாலும் அசையாத நாய்!

ஓடுவது சுலபம், உட்கார்ந்து இருப்பதுதான் கஷ்டம்!
வேட்டை நாய்க்குட்டிகளுக்கு ஒன்றரை வருடப் படிப்பு

'டுமீல்!'

துப்பாக்கி வெடிக்கிறது. வானத்தில் பறந்த பறவை சுருண்டு விழுகிறது.

துப்பாக்கிக்காரரின் காலடியில் கறுப்பு நாய் ஒன்று உட்கார்ந்து இருக்கிறது. பறவை விழுந்த இடத்தை அது பார்த்துவிட்டது. மூக்கு துடிக்கிறது. உடம்பு நடுங்குகிறது. ஆனால், இருந்த இடத்தை விட்டு ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

எஜமான் அதன் பெயரைச் சொன்னார். அவ்வளவுதான்! அம்பு மாதிரி பாய்ந்தது. புதருக்குள் புகுந்தது. பறவையை வாயில் கவ்விக்கொண்டு வந்து எஜமான் கையில் ஒப்படைத்தது. பறவையின் மேல் ஒரு பல்கூடப் பதியவில்லை!

இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வேட்டை சீசனில் சர்வசாதாரணமாகக் காணும் காட்சி இது. இந்த நாய்களுக்கு 'கன் டாக்' என்று பெயர். துப்பாக்கிக்காரரோடு சேர்ந்து வேலை பார்க்கும் நாய் என்று அர்த்தம்.

"ஓடிப்போய் எடுத்து வர நாய்க்கு யாராவது சொல்லிக் கொடுக்கணுமா? அது தானா செய்யுமே!" என்று நீங்கள் கேட்கலாம்.

நியாயமான கேள்விதான். ஓடுவதற்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஓடாமல் இருப்பதற்குத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்குத்தான் ஒன்றரை வருடம் பிடிக்கிறது!

ஏன் ஓடக்கூடாது?

வேட்டைக் களத்தில் நாய் தன் இஷ்டத்துக்கு ஓடினால் என்ன ஆகும்?

முதலாவது, புதரில் பதுங்கி இருக்கும் மற்ற பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பிப் பறந்துவிடும். அன்றைய வேட்டை பாழ்.

இரண்டாவது, அக்கம்பக்கத்தில் வேறு துப்பாக்கிக்காரர்களும் நிற்பார்கள். குறுக்கே ஓடும் நாயின் மீதே குண்டு பாயலாம்.

மூன்றாவதுதான் முக்கியமானது. சுடப்பட்ட எல்லாப் பறவையும் உடனே செத்துவிடுவது இல்லை. சிறகு ஒடிந்து விழுந்த பறவை, காலால் ஓடிப்போய்ப் புதருக்குள் ஒளிந்துகொள்ளும். அதைத் தேடி எடுக்காவிட்டால் அங்கேயே கிடந்து துடிதுடித்துச் சாகும். கண் முன்னால் செத்து விழுந்த பறவையைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும் நாயால் இதற்கு உபயோகம் இல்லை. "அதை விடு, இதைத் தேடு" என்றால் கேட்கும் நாய்தான் வேண்டும்.

காயம்பட்ட பறவையைச் சீக்கிரம் கண்டுபிடித்து அதன் வேதனையை முடிப்பது, சுட்டவனின் கடமை. அந்தக் கடமையைச் செய்வது நாய்.

நாலு ஜாதி, நாலு வேலை

கன் டாக்குகளில் முக்கியமாக நாலு வகை உண்டு.

பாயின்டர்: பறவை இருக்கும் திசையை மூக்கால் காட்டி, ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி சிலை மாதிரி நின்றுவிடும்.

செட்டர்: இதுவும் அப்படித்தான். வாசனை வந்ததும் பதுங்கும். துப்பாக்கி வருவதற்கு முன்னால், இந்த நாய் பதுங்கிய இடத்தில் வலையை வீசிப் பறவைகளைப் பிடித்தார்கள்.

ஸ்பேனியல்: முள் புதருக்குள் புகுந்து பறவையைக் கிளப்பிவிடும். தொங்கும் காதுகளோடு நம் ஊர் வீடுகளில் செல்லமாக வளரும் 'காக்கர் ஸ்பேனியல்' இந்த ஜாதிதான். 'வுட்காக்' என்ற பறவையைக் கிளப்பியதால் வந்த பெயர் அது.

ரெட்ரீவர்: விழுந்த பறவையைத் தேடி எடுத்து வரும். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் எல்லாம் இதில் சேர்த்தி.

மீன் பிடித்த நாய்!

லாப்ரடாரின் பூர்வீகம் கனடா நாட்டின் நியூபவுண்ட்லாந்து. அங்கே மீனவர்களின் நாயாக இருந்தது. தூண்டிலில் இருந்து நழுவிய மீனையும், தண்ணீரில் விழுந்த கயிறையும் நீந்திப் போய் எடுத்து வருவது அதன் வேலை.

மீன் ஏற்றி வந்த கப்பல்களில் 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்கு வந்தன இந்த நாய்கள். அதன் நீச்சலையும், எதையும் நசுக்காமல் தூக்கிவரும் வாயையும் பார்த்து அசந்துபோன பிரபுக்கள் விலைக்கு வாங்கினார்கள். மீன் எடுத்த வாய், வாத்து எடுக்க ஆரம்பித்தது. 1903-ம் ஆண்டு லாப்ரடாரைத் தனி ஜாதியாக இங்கிலாந்தின் 'கென்னல் கிளப்' அங்கீகரித்தது.

கோல்டன் ரெட்ரீவர் பிறந்தது ஸ்காட்லாந்து மலைப்பகுதியில். பிற்காலத்தில் ட்வீட்மவுத் பிரபு ஆனவரின் பண்ணையில், மஞ்சள் நிற ஆண் நாய் ஒன்றும், தண்ணீரில் வேலை செய்யும் ஸ்பேனியல் பெட்டை ஒன்றும் இணைந்து 1868-ல் குட்டிகள் போட்டன. அந்தக் குட்டிகளில் இருந்து பெருகிய வம்சம்தான் இன்று உலகம் முழுவதும் பரவி இருக்கிறது.

எல்.கே.ஜி. வகுப்பு

குட்டிக்கு 8 வாரம் ஆனதும் தாயிடம் இருந்து பிரித்துக் கொண்டுவருகிறார்கள். உடனே துப்பாக்கியும் கையுமாகக் களத்துக்குப் போவது கிடையாது. முதல் 6 மாதத்துக்கு விளையாட்டுதான் பாடம்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஸ்காட், புல்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் நாய்க்குட்டிகளைப் பல வருடம் ஆராய்ந்தார்கள். 1965-ல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார்கள். பிறந்த 3-வது வாரத்தில் இருந்து சுமார் 12-வது வாரம் வரை குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ, அதற்குப் பிறகு பயப்படாது என்பது அவர்கள் கண்ட உண்மை.

அதனால்தான் அந்த வயதில் குட்டியைக் காரில் ஏற்றுவார்கள். ஆடு, மாடு, கோழி எல்லாவற்றையும் காட்டுவார்கள். குழந்தைகளோடு பழகவிடுவார்கள்.

சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது 'பிப்... பிப்... பிப்...' என்று சின்னதாக விசில் ஊதுவார்கள். விசில் என்றால் சோறு என்று குட்டிக்குப் பதிந்துபோகும். பிறகு எங்கே விசில் கேட்டாலும் நாலுகால் பாய்ச்சலில் ஓடிவரும்.

கண்டக்டர் விசில் மாதிரி!

நம்ம டவுன் பஸ்சில் ஒரு விசில் என்றால் 'நில்', இரண்டு விசில் என்றால் 'போ'. கண்டக்டர் வாயைத் திறந்து பேசவே வேண்டாம்.

நாய்ப் பள்ளியிலும் அதே கதைதான். நீளமாக ஒரே ஒரு விசில்: இருந்த இடத்திலேயே உட்கார்! சின்னச் சின்னதாகப் பல விசில்: திரும்பி வா!

காட்டில் காட்டுக்கத்தல் கத்தினால் பறவைகள் கலைந்துவிடும். கோபத்தில் மனிதனின் குரலும் மாறிவிடும். விசில் மாறாது.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 'ஆக்மி' என்ற பெயரில் இந்த விசில்களைச் செய்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. ஸ்பேனியலுக்குப் பெரும்பாலும் 210½. லாப்ரடாருக்கு 211½. ஒரு நம்பருக்கு ஒரே சுருதிதான். விசில் தொலைந்துபோனாலும் அதே நம்பரைக் கேட்டு வாங்கி ஊதினால் போதும். நாய்க்கு வித்தியாசமே தெரியாது.

சாக்ஸ் உருண்டை

எடுத்து வரும் பாடம் பழைய சாக்சில் ஆரம்பம் ஆகிறது.

வீட்டு நடைபாதை மாதிரி இரண்டு பக்கமும் சுவர் இருக்கும் குறுகலான இடத்தில், சாக்சைச் சுருட்டி உருட்டிவிடுவார்கள். குட்டி ஓடிப்போய்க் கவ்வும். பக்கவாட்டில் ஓட வழி இல்லை. எஜமானிடம்தான் திரும்பி வரவேண்டும். வந்ததும் தட்டிக்கொடுத்து, 'சபாஷ்' என்று கொஞ்சுவார்கள்.

இங்கே செய்யக்கூடாத காரியங்கள் மூன்று.

வெடுக்கென்று பிடுங்கக்கூடாது. பிடுங்கினால், குட்டி அடுத்த தடவை இறுக்கிக் கடிக்கும். பின்னால் பறவையையும் அப்படித்தான் கடித்துக் குதறும்.

குட்டியைத் துரத்தக்கூடாது. துரத்தினால் அதற்கு அது ஓடிப்பிடிக்கிற விளையாட்டு ஆகிவிடும். அது ஓடினால் நீங்கள் எதிர்த்திசையில் ஓட வேண்டும். "என்னடா இவரு போயிட்டாரே!" என்று குட்டி தானாகப் பின்னால் வரும்.

இரண்டு, மூன்று தடவைக்கு மேல் வீசக்கூடாது. "இன்னும் ஒண்ணு போடேன்" என்று குட்டி ஏங்கும்போதே ஆட்டத்தை முடித்துவிட வேண்டும். சலித்துப்போன குட்டி வேலைக்கு ஆகாது.

பால் பற்கள் 28-ம் விழுந்து, 42 நிலைப் பற்கள் முளைக்கிற காலம், சுமார் 4-ல் இருந்து 6 மாதம் வரை. அப்போது ஈறு வலிக்கும். அதனால் அந்த நாட்களில் எடுத்து வரும் பாடத்துக்கு லீவு விட்டுவிடுவார்கள்.

6 மாதத்துக்குப் பிறகு 'டம்மி' வரும். கித்தான் துணியில் தைத்த உருளை. எடை சுமார் 450 கிராம். பறவைக்குப் பதில் அதுதான்.

எஜமானே போய் எடுக்கிறார்!

இனிமேல்தான் உண்மையான பரீட்சை.

நாயை உட்கார வைக்கிறார்கள். கண் முன்னால் டம்மியை வீசுகிறார்கள். நாய் எழுந்திருக்கப் பார்க்கிறது. "உட்கார்!"

பிறகு நடப்பதுதான் வேடிக்கை. நாய் உட்கார்ந்தே இருக்க, எஜமான் நடந்துபோய் டம்மியை எடுத்து வருகிறார்! மறுபடியும் வீசுகிறார். மறுபடியும் அவரே போய் எடுக்கிறார். 10 தடவை வீசினால் அதில் 5 தடவையாவது இப்படித்தான்.

பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். "நாய்க்கு டிரெய்னிங்கா, இவருக்கா?" என்று தோன்றும். ஆனால், விஷயம் இருக்கிறது. 'விழுவது எல்லாம் எனக்கு இல்லை. சொன்னால்தான் எனக்கு' என்பதை நாய் கற்றுக்கொள்வது இந்த இடத்தில்தான். இந்தப் பாடத்தைத் தாண்டிக் குதித்த நாய்கள் களத்தில் கெட்டுப்போகின்றன.

வெடிச் சத்தம்

துப்பாக்கிச் சத்தத்துக்குப் பழக்குவதில் ஒரு நாள் அவசரப்பட்டால் போதும், ஆயுசுக்கும் நாய் பாழ்.

"பயப்படுதா இல்லையானு பார்ப்போமே" என்று குட்டியைக் களத்துக்குக் கூட்டிப்போய்த் தலைக்கு மேல் சுடுகிறவர்கள் உண்டு. குட்டி மிரண்டு ஓடிவிடும். அதற்குப் பிறகு துப்பாக்கியைக் கண்ணால் பார்த்தாலே நடுங்கும். அந்தப் பயத்தைப் போக்குவது மிகமிகக் கஷ்டம். இப்படிக் கெட்டுப்போன நாயில் குற்றம் நாயுடையது அல்ல.

முறையான வழி வேறு. குட்டி சாப்பிட்டுக்கொண்டோ, விளையாடிக்கொண்டோ இருக்கும். 100 கஜத்துக்கும் அப்பால் இன்னொருவர் ஓட்டப்பந்தயத்தில் சுடும் வெற்று வெடித் துப்பாக்கியால் ஒரு தடவை சுடுவார். குட்டி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தால் பாஸ்! மறுநாள் கொஞ்சம் கிட்டே. அதற்கு அடுத்த நாள் இன்னும் கிட்டே. காதை மடக்கினால், வாலைச் சுருட்டினால், மறுபடியும் தூரத்தில் இருந்து ஆரம்பம்.

கடைசியில் சத்தம் என்றால் நாய்க்குச் சந்தோஷம். 'ஏதோ விழப்போகிறது, நமக்கு வேலை வரும்' என்று வானத்தைப் பார்க்கும்.

மனிதன் வாயை மூட வேண்டும்

அடுத்தது, கை ஜாடை. நாய் பார்க்காத இடத்தில் டம்மியை ஒளித்து வைத்துவிட்டு, தூரத்தில் இருந்தே வழி காட்டுவார்கள். விசில் ஊதினால் உட்கார்ந்து எஜமானைத் திரும்பிப் பார்க்கும். வலது கையை நீட்டினால் வலப்பக்கம். இடது கையை நீட்டினால் இடப்பக்கம். கையை மேலே தூக்கினால் இன்னும் பின்னால் போ.

கண்ணால் காணாத ஒன்றைத் தேடி, எஜமான் கையை மட்டும் நம்பி ஓடும் நாய்!

ஆனால், வாசனை கிடைத்த உடனே நிலைமை தலைகீழ். இப்போது நாய்க்குத் தெரியும், மனிதனுக்குத் தெரியாது. காயம்பட்ட பறவை ஓடிய தடத்தை முகர்ந்தபடி நாய் போகும்போது, எஜமான் விசிலைத் தொடவே கூடாது. "அந்தப் பக்கம் இல்லடா, இந்தப் பக்கம்!" என்று கத்தினால் கெட்டது காரியம். மூக்கு யாருக்கு இருக்கிறதோ, அவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

இந்த இரண்டும் படிந்த பிறகு, சுமார் ஒன்றரை வயதில்தான் நிஜ வேட்டைக்கு அழைத்துப் போகிறார்கள். பிரிட்டனில் கிரவுஸ் பறவை வேட்டை ஆகஸ்டு 12-ந்தேதி தொடங்குகிறது. இங்கிலாந்தில் பெசன்ட் கோழிக்கு அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை சீசன்.

விலா எலும்பைத் தடவும் நீதிபதி

இந்த நாய்களுக்குப் போட்டிகளும் உண்டு. முதல் போட்டி 1865-ல் இங்கிலாந்தின் பெட்போர்டுஷயரில் உள்ள சவுத்ஹில் என்ற ஊரில் நடந்தது.

ரெட்ரீவர் போட்டியில், சொல்லாமல் ஓடினால் அவுட். துரத்தினால் அவுட். முனகினாலோ, குரைத்தாலோ அதுவும் அவுட்!

நாய் கொண்டுவந்த பறவையை நீதிபதி கையில் வாங்கி, விலா எலும்புகளை விரலால் தடவிப் பார்ப்பார். கடித்து நொறுக்கி இருந்தால், எவ்வளவு கெட்டிக்கார நாயாக இருந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சாட்டைக் காலம்

ஒரு காலத்தில் இந்தப் பயிற்சிக்கே 'நாயை உடைத்தல்' என்றுதான் இங்கிலீஷில் பெயர். சாட்டை அடியும், உள்பக்கம் ஆணி வைத்த கழுத்துப்பட்டையும்தான் வாத்தியார்.

ஹட்சின்சன் என்ற ராணுவ அதிகாரி 1848-ல் நாய்ப் பயிற்சி பற்றிப் புத்தகம் எழுதினார். பெயர் என்னவோ பழைய 'உடைத்தல்'தான். ஆனால் உள்ளே, பொறுமையாலும் பரிசாலும் சாதிக்கலாம் என்று எழுதினார். 'அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்' என்பது நாய்ப் பள்ளியில் மெல்ல மெல்லச் செல்லாக்காசு ஆயிற்று. நாய்க்கு மின்சார அதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப்பட்டைகளுக்கு வேல்ஸ் பகுதியில் 2010-ல் தடையே வந்துவிட்டது.

இந்தியாவில் என்ன?

இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதற்குப் பின் வந்த திருத்தங்களும் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. அது நல்லதுதான். கன்னி, சிப்பிப்பாறை போன்ற நம் நாட்டு நாய்கள் கண்ணால் பார்த்து, துரத்தி, தாமே பிடிக்கும் ஜாதி. துப்பாக்கிக்காகக் காத்திருப்பது அவற்றின் தொழில் அல்ல.

ஆனால், அதே லாப்ரடாரை இங்கே தினமும் ஆயிரக்கணக்கானோர் பார்க்கிறார்கள். ரெயில் நிலையங்களில் பெட்டிகளையும் மூட்டைகளையும் முகர்ந்தபடி போகிற போலீஸ் நாய்களில் இந்த ஜாதி நிறைய. பறவையைத் தேடிய மூக்கு, வெடிகுண்டைத் தேடுகிறது. வெடிமருந்து வாசனையை, அதற்குப் பிடித்த பந்தோடு சேர்த்துப் பழக்குகிறார்கள். பாவம், அதற்கு ஆர்.டி.எக்சும் தெரியாது, அரசியலும் தெரியாது. கண்டுபிடித்தால் பந்து கிடைக்கும், அவ்வளவுதான்.

1993 மார்ச் 12-ந்தேதி மும்பையில் தொடர் குண்டுகள் வெடித்து 257 பேர் பலியானார்கள். அந்தச் சமயம் 'ஜஞ்ஜீர்' என்ற போலீஸ் லாப்ரடார் மோப்பம் பிடித்து எடுத்துக்கொடுத்தவை: 3,329 கிலோ ஆர்.டி.எக்ஸ்., 600 டெட்டனேட்டர்கள், 249 கையெறி குண்டுகள். 2000-ம் ஆண்டு நவம்பரில் அது இறந்தபோது போலீஸ் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

சென்னைக்கும் அந்த வேதனை தெரியும். 2014 மே 1-ந்தேதி சென்ட்ரலில் கவுகாத்தி எக்ஸ்பிரசில் 2 குண்டுகள் வெடித்து, ஒரு இளம்பெண் உயிர் இழந்தார்.

வெடிகுண்டைக் கண்டுபிடித்த நாய் அதைக் கவ்வக்கூடாது. காலால் பிறாண்டக்கூடாது. குரைக்கவும் கூடாது. செய்தால் எல்லோரும் காலி. அது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று.

பேசாமல் உட்கார வேண்டும்!

வேட்டைக்காட்டில் ஒரு பறவைக்காக ஆரம்பித்த பாடம், ஒரு பிளாட்பாரம் முழுக்க உள்ள உயிர்களைக் காப்பாற்றுகிறது.

உங்கள் வீட்டிலும் செய்யலாம்

வேட்டைக்குப் போகாவிட்டாலும் இந்தப் பயிற்சியில் பாதி, வீட்டு நாய்க்கும் பொருந்தும்.

* சோற்றுத் தட்டை வைத்ததும் பாயவிடாதீர்கள். உட்கார வைத்து, சொன்ன பிறகு சாப்பிடப் பழக்குங்கள்.

* செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினால் துரத்தாதீர்கள். நீங்கள் எதிர்ப்பக்கம் நடங்கள்.

* கூப்பிட்டு வந்த நாயை ஒருபோதும் அடிக்காதீர்கள். எப்போதோ செய்த தப்புக்கு அடித்தாலும், 'வந்ததற்கு அடி' என்றுதான் அதற்குத் தோன்றும். மறுபடி வராது.

* தீபாவளிக்கு ரொம்ப முன்னாலேயே, வெடிச் சத்தத்தைச் சன்னமாக, தூரத்தில், சாப்பாட்டு வேளையில் கேட்க வையுங்கள். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தீபாவளி அன்று அது கட்டிலுக்கு அடியில் நடுங்காது.

* ஒரு நேரத்துக்கு 5 நிமிடம் போதும். தினமும் வேண்டும்.

செலவு? ஒரு பழைய சாக்ஸ், ஒரு விசில். மற்றது எல்லாம் பொறுமை. அதைக் கடையில் விற்பது இல்லை!